வேலையை விட்டுப் போகும்போது

ஒருவர் வேலையை விட்டு விலகும்போது எது அவருடையது, எது முதலாளியுடையது? தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் அலுவலக வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முன் நிற்கும் இக்கேள்வி பழையது.

சஞ்சிக்கூலி காலத்தில் ஆளையே தோட்டத்தின் உடைமைபோல எண்ணினார்கள். ஒப்பந்தம் முடியுமுன் வெளியேறினால் ‘ஓடிப்போனவர்’ என்று தண்டனை. மலாயாவில் அம்முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி மூலம் வந்தவரோ ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். அதில்தான் துரைமாருக்குக் கவலை. தாம் செலவழித்துத் தருவித்த ஆளைப் பக்கத்துத் தோட்டம் கூடுதல் கூலி காட்டி இழுத்துக்கொள்கிறதே! 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, ஆள் திரட்டும் செலவை முதலாளிகள் எல்லார் மீதும் பகிர்ந்து போட்டது. போனவர் கையோடு இன்னொன்றும் போயிற்று: மரம் காயப்படாமல் பட்டை சீவும் பழக்கம். அதை எந்தக் கிராணியாலும் திருப்பி வாங்க முடியாது.

அதையும் தடுக்க முயன்ற நாடு இங்கிலாந்து. 18-ஆம் நூற்றாண்டில் நூற்பாலை இயந்திரங்களையும், அவற்றை அறிந்த தொழிலாளரையும் வெளிநாடு போகவிடாமல் சட்டம் போட்டது. பெல்ப்பர் ஊரில் பிறந்த சாமுவேல் சிலேட்டர், ஒரு நூற்பாலையில் பயிற்சிக் காலத்தை முடித்து, 1789-இல் வரைபடம் எதுவுமின்றி இரகசியமாக அமெரிக்கா சென்றார். மறு ஆண்டே பாட்டக்கெட் என்னும் ஊரில், நினைவிலிருந்தே இயந்திரங்களை அமைத்துவிட்டார். அமெரிக்கர் போற்றினர், சொந்த ஊரார் துரோகி என்றனர். தலைக்குள் இருப்பதைச் சுங்கச் சாவடியில் சோதிக்க முடியுமா, என்ன?

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதை ஒருவாறு ஏற்றுக்கொள்கிறது. ஒருவரைச் சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை, சில விலக்குகள் தவிர, செல்லாது என்கிறது 28-ஆம் பிரிவு. ஆகவே, விலகிய பின் ‘இதே தொழிலை வேறெங்கும் செய்யமாட்டேன்’ என்று கையெழுத்திட்டவரும் கற்ற தொழிலைச் செய்யலாம்.

கம்பெனியின் பொருள் வேறு. அதை எடுத்தால் தண்டனைச் சட்டத்தின் 381-ஆம் பிரிவு, வேலையாள் செய்த திருட்டு என்று பிடிக்கும். வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம் போன்ற இரகசியங்களைக் கொண்டுபோனால் சிவில் வழக்கு வரலாம். ‘நானே தயாரித்த பட்டியல்தானே?’ என்பார்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு தயாரித்தது அல்லவா! முன்பு பேரேட்டைத் தூக்கிப் போனால் வாசல் காவலர் பார்த்துவிடுவார். இன்று கட்டைவிரல் அளவுக் கருவியில் அலுவலகமே அடங்கிவிடுகிறது. எவர் எதை எப்போது நகலெடுத்தார் என்பதைக் கணினியும் பெரும்பாலும் குறித்து வைத்திருக்கும்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு விவரம் ஆகியவை உங்களுடையவை. கடைசி நாளுக்கு முன்பே கேட்டு வாங்கி வையுங்கள்.