கண்டிச்சீமையின் பதினைந்து பேர்

எங்கள் ராஜபாளையத்தில் ரக்பி என்றால் யாருக்கும் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே கதைதான். ஆனால் ‘கண்டிச்சீமை’ என்றால் வயசானவங்களுக்குத் தெரியும். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் சொல் அது. இலங்கை ரக்பியின் வரலாற்றைப் படிக்கப்போனால், வருவதெல்லாம் அந்தத் தேயிலைப் பகுதிகளின் பெயர்கள்தான்: திம்புள, டிக்கோயா, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு.

1907இல் இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கிய நியூசிலாந்து அணி ஒன்று, இலங்கை அணியை 33-6 என்று தோற்கடித்தது. அடுத்த வருஷம் இலங்கை ரக்பிச் சங்கம் பிறந்தது. கொழும்பில் கம்பெனி வெள்ளைக்காரர்கள், மலையில் தோட்டத்துத் துரைகள், சின்னதுரைகள். நாட்டின் பெயரில் ஆடிய அணி வெகுகாலம் இவர்களுடையதுதான். டிக்கோயாக்காரர்களுக்குத் தரவளையில் மைதானம், திம்புளக்காரர்களுக்கு ரதல்லயில். மலையில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததில் துரைகள் பந்தாட, சரிவில் பத்தடிக்குப் பத்தடி லயத்து அறைகளில் குடும்பங்கள் அடைந்து கிடந்தன.

பிரதிநிதித்துவ அணி என்கிறோமே, யாருடைய பிரதிநிதி? இந்தக் கேள்வி 1950இல்தான் கூர்மையாகிறது. அந்த வருஷம், நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பயணத்தை முடித்துத் திரும்பிய பிரிட்டிஷ் தீவுகளின் அணி கொழும்பில் ஆடி 44-6 என்று ஜெயித்தது. இலங்கை அணியில் ஒரு தமிழரும் இருந்தார். ‘சும்மா’ நவரத்தினம் என்று பெயர் பெற்ற ஓட்டக்காரர் (ஆள் ஓடியது சும்மா இல்லை). அவர் கொழும்பு ராயல் கல்லூரியில் படித்தவர். நம்ம பக்கத்திலிருந்து போனவர்களின் நிலைமையே வேறு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது; மறு வருஷம் ஓட்டும் பறிபோனது. தேயிலை விற்ற காசில்தான் நாடு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைக்கு ஆடிய ‘இலங்கை’யில், அதைப் பறித்தவர்கள் சட்டப்படி சேர்த்தியே இல்லை.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவும் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று கணக்கு. எக்ஸெல் ஷீட்டில் வரிசை பிரிப்பது போலத்தான். வந்து சேர்ந்தவர்களை இங்கே ‘சிலோன்காரங்க’ என்றார்கள்.

1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. மிச்சமிருந்த வெள்ளைத் துரைகளும் மூட்டை கட்ட, மலையகத்துக் கிளப்புகளில் பதினைந்து பேரைத் திரட்டுவதே பெரும்பாடாயிற்று.