பத்து நாள்களை விழுங்கிய இரவு

ஐரோப்பியப் பண்டிகைகளின் கதை – 11

ஸ்பெயின் நாட்டின் அல்பா தே டோர்மெஸ் என்ற சிற்றூரில், 1582 அக்டோபர் 4-ம் தேதி இரவு, கார்மேல் சபைத் துறவி அவிலா தெரேசா உயிர் துறந்தார். மறுநாளே அடக்கம் நடந்தது. அந்த மறுநாளின் தேதி அக்டோபர் 15. கழிந்தது ஒரே ஓர் இரவுதான். காலண்டரிலிருந்து பத்துத் தேதிகள் காணாமல் போயிருந்தன. கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் அவருடைய திருநாளை அக்டோபர் 15-ல்தான் கொண்டாடுகிறது.

அந்த இரவில் தொடங்கிய வழக்கு, 441 ஆண்டுகள் கழித்து, போருக்கு நடுவே உக்ரைன் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமாக வந்து நின்றது. 2023 ஜூலையில் அந்த நாடு தன் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஜனவரி 7-லிருந்து டிசம்பர் 25-க்கு மாற்றிக்கொண்டது. ஒரே பிறப்புக்கு இரண்டு தேதிகள் எப்படி வந்தன? ஒரு தேதிக்காக மக்கள் ஏன் தெருவுக்கு வருகிறார்கள்?

பதினோரு நிமிடப் பிழை

ஜூலியஸ் சீசர் கி.மு. 45-ல் நடைமுறைப்படுத்திய நாள்காட்டி, ஆண்டுக்கு 365¼ நாள் என்று கணக்கு வைத்தது. நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் வருடம். ஆனால் உண்மையான சூரிய ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. ஒரு மனிதரின் ஆயுளில் இது கண்ணுக்கே தெரியாது. 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிடும்.

உழுது விதைப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. திருச்சபைக்குத்தான் தலைவலி. ஈஸ்டர் திருநாளைக் கணிக்க, பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்தகால நாள் வேண்டும். நைசீயா திருச்சங்கம் கூடிய 325-ம் ஆண்டை ஒட்டி அது மார்ச் 21-ல் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கே வந்து நின்றது.

இதற்குத் தீர்வு கண்டவர் அலோய்சியஸ் லிலியுஸ் என்ற தென் இத்தாலிய மருத்துவர். தன் திட்டம் அரங்கேறுவதைப் பார்க்காமலே 1576-ல் இறந்துபோனார். அவருடைய சகோதரர் அதை ரோமாபுரிக்குக் கொண்டுசேர்க்க, கிறிஸ்டோபர் கிளாவியுஸ் என்ற இயேசு சபைக் கணித அறிஞர் அதை முன்னின்று விளக்கி நிலைநிறுத்தினார். 100-ஆல் வகுபடும் ஆண்டு, 400-ஆலும் வகுபட்டால் மட்டுமே லீப் வருடம். அதனால் 1700, 1800, 1900 சாதாரண ஆண்டுகள். 2000 லீப் வருடம். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிழைக்குப் பத்து நாள்களை ஒரேயடியாகக் கழித்துவிடுவது. போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582 பிப்ரவரியில் இதற்கு ஆணையிட்டார்.

போப் சொன்னால் கேட்க வேண்டுமா?

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவை குறித்த நாளிலேயே மாறின. பிரான்ஸ் அந்த ஆண்டு டிசம்பரில் சேர்ந்துகொண்டது. மார்ட்டின் லூதரின் வழிவந்த புராட்டஸ்டன்ட் நாடுகளுக்கோ, கணக்கு சரியா தவறா என்பதைவிட அதைச் சொன்னவர் யார் என்பதே பெரிதாக இருந்தது.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இரு பிரிவினரும் கலந்து வாழ்ந்தார்கள். நகரசபை புதிய நாள்காட்டியைத் திணித்தபோது, எதிர்த்து நின்ற புராட்டஸ்டன்ட் போதகர் ஒருவரை 1584-ல் ஊரைவிட்டு அனுப்ப முயன்றார்கள். மக்கள் திரண்டு எழுந்தார்கள். நகரம் கலவரத்தின் விளிம்புக்குப் போனது. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் மாறுவதற்கு 1700 வரை ஆனது.

பிரிட்டன் இன்னும் தாமதம். அங்கே 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. அதற்கு முன்பு இந்தக் குழப்பம் நம் கடற்கரையிலும் இருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் புதிய நாள்காட்டியையும், கடலூரில் ஆங்கிலேயர் பழைய நாள்காட்டியையும் பின்பற்றினார்கள். அருகருகே இருந்த இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே தேதியில் 11 நாள் வித்தியாசம்!

மாற்றம் வந்த ஆண்டின் கிறிஸ்துமஸை பிரிட்டிஷ் கிராமங்கள் எப்படி எதிர்கொண்டன என்பதற்கு, அன்றைய ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் ஓர் அருமையான சாட்சியம் இருக்கிறது. பக்கிங்ஹாம்ஷையரின் குவெயின்டன் கிராமத்தில் ஒரு முள்மரம் நின்றது. கிறிஸ்துமஸ் இரவில் பூக்கும் என்று நம்பப்பட்ட கிளாஸ்டன்பரி முள்மரத்தின் வழித்தோன்றலாகக் கருதப்பட்டது அது. புதிய கணக்குப்படி டிசம்பர் 24 இரவு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விளக்கும் மெழுகுவத்தியும் ஏந்தி அந்த மரத்தைச் சுற்றி நின்றார்கள். மரம் பூக்கவில்லை. ‘அப்படியானால் நாளை கிறிஸ்துமஸ் இல்லை’ என்று முடிவுகட்டி, பலர் மறுநாள் கோயிலுக்கே போகவில்லை. பழைய தேதியிலும் பண்டிகை உண்டு என்று அக்கம்பக்கத்து குருமார்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

‘எங்கள் பதினோரு நாள்களைத் திருப்பிக் கொடு’ என்று ஆங்கிலேயர் கலகம் செய்ததாகப் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு கலகம் நடந்ததற்கு ஆதாரமில்லை என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஹோகார்த் என்ற ஓவியர் வரைந்த ஒரு தேர்தல் காட்சியில் இருந்த வாசகம், காலப்போக்கில் சரித்திரமாகிவிட்டது.

அரசுக்கு ஒன்று, ஆலயத்துக்கு ஒன்று

கிழக்கே ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகள் அசைந்து கொடுக்கவில்லை. ரஷ்யாவில் லெனின் அரசுதான் உத்தரவு போட்டது: 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14. ரஷ்யத் திருச்சபை பழைய கணக்கிலேயே நின்றது. இரண்டுக்கும் இப்போது 13 நாள் இடைவெளி. அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7 ஆக வருவது இதனால்தான்.

1923-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆர்த்தடாக்ஸ் மாநாட்டில், செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். நிலையான திருநாள்கள் புதிய கணக்குக்கு வரும். கிரேக்க, ருமேனியத் திருச்சபைகள் 1924-ல் ஏற்றன, ஆனால் ஈஸ்டரை மட்டும் பழைய கணக்கிலேயே வைத்துக்கொண்டன. ரஷ்யா, செர்பியா, அத்தோஸ் மலை மடங்கள் ஆகியவை இன்றுவரை பழைய வழியில்தான் செல்கின்றன.

உக்ரைன் எடுத்த முடிவு

உக்ரைனில் ஆர்த்தடாக்ஸ் மக்களும், போப்பை ஏற்றாலும் கிழக்கத்திய வழிபாட்டைப் பின்பற்றும் கிரேக்கக் கத்தோலிக்கரும் ஜனவரி 7-ஐத்தான் கொண்டாடிவந்தார்கள். 2017-ல் டிசம்பர் 25-ம் அரசு விடுமுறை ஆனது. 2019-ல் உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபை தன்னாட்சி வழங்கியது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தது. மாஸ்கோ திருச்சபையின் தலைவர் கிரில் அந்தப் போரை ஆதரித்துப் பேசினார். அதன் பிறகு அதே தேதியில் அவரோடு சேர்ந்து பண்டிகை கொண்டாடப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. 2023 செப்டம்பர் 1 முதல் உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையும் நிலையான திருநாள்களைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொண்டன.

தேதி மாறினாலும் மேசை மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் முதல் நட்சத்திரம் தெரியும்வரை காத்திருப்பார்கள். அறுவடையில் எடுத்துவைத்த தானியக் கதிர்க்கட்டு வீட்டின் மூலையில் நிற்கும். முன்னோர் அதில் வந்து தங்குவதாக நம்பிக்கை. மேஜைவிரிப்பின் அடியில் வைக்கோல். இறைச்சி இல்லாமல் பன்னிரண்டு பதார்த்தங்கள். முதல் வாய் ‘குட்டியா’: வேகவைத்த கோதுமையில் அரைத்த கசகசாவும் தேனும் சேர்த்தது. இறந்தவருக்கும் ஒரு தட்டு வைப்பார்கள். இன்று அந்தத் தட்டு பல வீடுகளில் ஓர் இளைஞனுக்கானது.

எந்தத் தேதி சரி என்பதை வானியல் 1582-லேயே தீர்த்துவிட்டது. யாரோடு சேர்ந்து கொண்டாடுவது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் தானே தீர்மானிக்கிறது. உக்ரைனியர்கள் தீர்மானித்துவிட்டார்கள், அந்த உரிமை அவர்களுடையது.

ஆனால் ஜனவரி 7-ல் விளக்கேற்றும் முதியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். தாய் தகப்பன் கற்றுக்கொடுத்த தேதியை விடமுடியாதவர்களை எதிரியின் ஆட்கள் என்று பார்ப்பது அநியாயம். ஆக்ஸ்பர்க்கில் அவசரப்பட்டார்கள், ஊர் இரண்டுபட்டது. குவெயின்டன் பக்கத்துக் குருமார்கள் பழைய தேதிக்கும் கதவைத் திறந்துவைத்தார்கள். பழைய கிறிஸ்துமஸ் யாரும் விரட்டாமலேயே மெல்ல மறைந்தது. கீவ் நகரம் பின்பற்றவேண்டிய முன்னுதாரணம் இந்த இரண்டாவதுதான்.

(அடுத்த வாரம்: மிலன்கோவிச்சின் திருத்தத்தை ஏற்றவர்களும் தொடத் தயங்கிய ஈஸ்டர்)