முறை வைத்து வேலை பார்த்த உணரிகள்



நம் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்ட உணரி போன மாதம் திடீரென்று பேசாமல் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வழிந்து வாசல் வரை வந்தது. ஆமத்தூரில் தண்ணீர் வீணாவது சின்ன விஷயமா? திறந்து பார்த்தால் பழுது எதுவும் இல்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு.

கம்பியில்லா உணரிக்கு அளப்பது பெரிய செலவில்லை. அளந்ததை ரேடியோ அலையில் அனுப்புவதுதான் பேட்டரியைத் தின்கிறது. தூரம் இருமடங்கானால், அலையை அனுப்பத் தேவையான ஆற்றல் குறைந்தது நான்கு மடங்காகும். பக்கத்து வீட்டாரிடம் சொல்வதும், இங்கிருந்து விருதுநகருக்குக் கத்துவதும் ஒன்றாகுமா?

காட்டிலும் மலையிலும் நூற்றுக்கணக்கில் உணரிகளைப் போட்டால், பேட்டரி மாற்ற யார் போவது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த வெண்டி ஹைன்செல்மன், சென்னையில் பிறந்த அனந்தா சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் 1993-இல் பட்டம் பெற்ற ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 2000 ஜனவரியில் ஹவாய் மாநாடு ஒன்றில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதன் பெயர் ‘லீச்’.

உணரிகள் சிறு குழுக்களாகப் பிரியும். உறுப்பினர்கள் அருகிலுள்ள குழுத் தலைவருக்கு மட்டும் சொல்வார்கள். தலைவர் அதைச் சுருக்கித் தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்புவார். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். ஆனால் எப்போதும் ஒருவரே தலைவர் என்றால், அவர் பேட்டரிதான் முதலில் தீரும். அதனால் தலைமை சுற்றி வரும். 100 உணரிகள் இருந்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 தலைவர்கள். ஒருமுறை பார்த்தவருக்கு, மற்றவர்கள் முடிக்கும்வரை ஓய்வு. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான். கணினியில் ஓட்டிப் பார்த்த சோதனையில், பழைய முறைகளோடு ஒப்பிட ஆற்றல் செலவு எட்டில் ஒரு பங்கு வரை குறைந்தது.

நம்மிடம் இருப்பது ஒரே உணரி. அதற்குத் துணை இல்லை. ஆனால் தூங்க வைக்கலாம். இனி தண்ணீர் ஏறும்போது நிமிடத்துக்கு ஒருமுறையும், மற்ற நேரம் அரை மணிக்கு ஒருமுறையும்தான் அது தகவல் அனுப்பும். மோட்டார் ஓடும்போது தகவல் வராவிட்டால் மோட்டார் தானாக நின்றுவிடும்.

பேட்டரி பார்க்கும் வேலை இதுவரை செயலாளர் தலையிலேயே இருந்தது. இனி மாதம் ஒரு வீடு. பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. உங்கள் முறை எந்த மாதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.