வளரும் வீடுகள் தந்த சார்லஸ் கொரையா

1930-இல் செகந்திராபாத்தில், கோவா வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் கட்டடக்கலை வல்லுநர் சார்லஸ் கொரையா. சபர்மதியில் காந்தியடிகள் நினைவகத்தை 1963-இல் கட்டி முடித்தார். 1970 முதல் சில ஆண்டுகள் நவி மும்பை நகரமைப்பில் தலைமைக் கட்டடக் கலைஞராய்ப் பணியாற்றினார். தாதரில் 1977-இல் முடிந்த மீட்பின் அன்னை ஆலயத்திற்கு முற்றங்களும், வெப்பக்காற்று மேலேறி வெளியேறும் உயர்ந்த கூரைகளும் அமைத்தார்.

ஆயினும், 1980-களில் பேலாப்பூரில் எளியோர்க்கு அமைத்த குடியிருப்பையே நாம் பெரிதாய் எண்ணுகிறோம். அங்கே பொதுச்சுவர் இல்லை. மகனுக்கு மணமானால் அயலாருக்கு இடையூறின்றி ஓர் அறை சேர்க்கலாம். ஏழேழு வீடுகளுக்கு ஒரு பொது முற்றம். 2015-இல் அவர் மறைந்தார்.

கடற்கரையில் வாழும் நாமும், வீடு கட்டுகையில் அடுத்த வீட்டாரின் காற்றை அடைக்காதிருப்போமாக.