சிறார் நீரிழிவு: சிகிச்சையின் அலகு குழந்தையா, குடும்பமா?

சிறாரிடம் காணப்படும் நீரிழிவைப் பற்றி எழுதும்போது முதலில் இரண்டு நோய்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகை நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்புத் தின்றதாலோ பெற்றோரின் கவனக்குறைவாலோ அது வருவதில்லை. அக்குழந்தையின் குடும்பத்தைக் குறைகூறுவது அறியாமை மட்டுமல்ல, கொடுமையும்கூட. 25 வயதுக்குள் நீரிழிவு கண்டவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பராமரிக்கும் பதிவேட்டில் பெரும்பான்மையினர் இவ்வகையினரே. ஆனால் அதே பதிவேட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இருப்பது இரண்டாம் வகை, அதாவது நடுவயதினரின் நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்ட வகை. 2016–18இல் மத்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பள்ளி வயதுச் சிறாரிலும் வளரிளம் பருவத்தினரிலும் பத்தில் ஒருவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தார். இந்த இரண்டாம் வகையைத் தடுக்க நாம் கையாளும் வழி, பருமனான குழந்தையைத் தனியே பிரித்து அதற்கு அறிவுரை சொல்வது. இது தவறான அலகைத் தேர்ந்தெடுத்த வழி என்பதும், நோய்த் தடுப்பின் அலகு குடும்பமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பருமனை மட்டும் அடையாளமாகக் கொள்வது இந்திய உடலுக்குப் பொருந்தாது. புனேயில் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வில், அங்குப் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தவர்களைவிட ஏறத்தாழ 800 கிராம் எடை குறைவாக இருந்தனர். தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவிலேயே அமைந்துவிடும் இந்த ‘மெலிந்த பருமன்’ பார்வைக்குப் புலப்படாதது. தாய்க்குக் கருவுற்ற காலத்தில் நீரிழிவு இருந்திருந்தால் குழந்தையின் ஆபத்து மேலும் கூடுகிறது. பருவமடையும் காலத்தில் இன்சுலினின் வேலைத்திறன் எவருக்கும் இயல்பாகவே குறையும். ஏற்கெனவே தசை குறைந்த உடலுக்கு அது கூடுதல் சுமை. சென்னைப் பள்ளிகளில் நடந்த ‘ஆரஞ்சு’ ஆய்வு தனியார் பள்ளி மாணவர்களில் 21.4 சதவீதத்தினரும் அரசுப் பள்ளி மாணவர்களில் 3.6 சதவீதத்தினரும் அதிக எடையுடன் இருந்ததாகக் கண்டது. இதைக் கொண்டு நீரிழிவு வசதி படைத்தோரின் சிக்கல் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில், வயது வந்தோரிடையே நீரிழிவு வசதியானவர்களைவிட ஏழைகளிடம் கூடுதலாகிவிட்டதை 2017இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு காட்டியது. இன்று ஒல்லியாக இருக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளை நாளைக்கும் தப்பிப்பான் என்பதற்கு இதில் ஓர் உறுதியும் இல்லை.

நோய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கும் இடமில்லை. அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவு கண்ட 10 முதல் 17 வயது வரையிலான 699 பேரிடம் நடந்த ‘டுடே’ ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளியாயின. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களில் 51.7 சதவீதத்தினரிடம் சர்க்கரைக் கட்டுப்பாடு கைவிட்டுப் போனது. ஆய்வில் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், நோய் கண்டு சராசரியாக 13 ஆண்டுகள் ஆனபோது, அதாவது இருபதுகளின் நடுவிலேயே, 60 சதவீதத்தினருக்குக் கண்ணிலோ சிறுநீரகத்திலோ நரம்பிலோ பாதிப்பு தொடங்கியிருந்தது. வேலைக்குப் போய், மணம் முடித்து, பிள்ளை பெறும் வயது அது. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் இதே ஆய்வில்தான் இருக்கிறது: மாத்திரையோடு தீவிரமான வாழ்க்கைமுறைப் பயிற்சியும் பெற்றவர்களில் 46.6 சதவீதத்தினர் தோல்வியுற்றனர். மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களோடு ஒப்பிட்டால் இது புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. பழக்கத்தை மாற்றிப் பயனில்லை என்று இதிலிருந்து சிலர் முடிவு செய்கின்றனர். அவர்கள் காலத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. சிறாரிடம் பீட்டா செல்களின் திறன் பெரியவர்களைவிட விரைவாகச் சரிகிறது; நோய் உறுதியான பின் மாற்றிய பழக்கம் இழந்த செல்களை மீட்டுத் தராது. நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த பெரியவர்களிடம் சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்விலோ, உணவும் உடலுழைப்பும் மாறியதால் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆகவே கேள்வி பழக்கம் பயன்படுமா என்பதன்று; எப்போது, யாரிடம் தொடங்குவது என்பதே.

யாரிடம் என்பதற்கு அமெரிக்க ஆய்வாளர் லெனார்ட் எப்ஸ்டைன் 1990இல் வெளியிட்ட பத்தாண்டுத் தொடர் ஆய்வு தெளிவான விடை தருகிறது. பருமனான சிறாரில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழக்கத்தை மாற்றிய குழுவில் பத்தாண்டுகளுக்குப் பிறகும் மிகை எடை தொடக்கநிலையைவிட 7.5 சதவீதம் குறைந்திருந்தது. பிள்ளையை மட்டும் மாற்ற முயன்ற குழுவில் அது 4.5 சதவீதம் கூடியிருந்தது. நம் வீடுகளில் இதற்கான காரணத்தை விளக்கவே வேண்டியதில்லை: எல்லோருக்கும் வேகும் உலை ஒன்றுதான். இந்தியர் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது; அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் முட்டையையும் கீரையையும் கூட்ட வேண்டுமானால் அப்பாவின் தட்டிலும் அது நடக்க வேண்டும். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் என்றால், வீட்டில் பிஸ்கட் வாங்கி வைப்பதே நிற்க வேண்டும். சத்துப் பானம் என்ற பெயரில் பாலில் கரையும் சர்க்கரை ஊட்டமன்று என்பதைப் பாட்டியும் ஏற்க வேண்டும். உணவைவிட நேரத்தைப் பற்றிய முடிவு கடினமானது: உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது; பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் செல்போன் என்றிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரத்தைப் பெற்றோரே மீட்டுத் தர வேண்டும். விளையாட்டுக்கு வெளியே அனுப்பத் தயங்கப்படும் பெண்பிள்ளைகளுக்கு இது இருமடங்கு தேவை.

குடும்பத்தை அலகாக்கினால் பழி முழுவதும் அடுக்களையில் நிற்கும் தாயின் மேல் விழும் என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். கூலிக்குப் போய்விட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்ணிடம் காய்கறிப் பட்டியலை நீட்டுவது அநீதி. ரேஷனில் அரிசி தாராளமாகக் கிடைக்க, காயும் பயறும் காசு கொடுத்தே வாங்கவேண்டியிருக்கும் வரை ஏழை வீட்டுத் தட்டு அரிசியால்தான் நிறையும். குடும்பம் மாறுவதற்கான வசதியை அரசு செய்து தரவேண்டும் என்பதே இம்மறுப்பிலிருந்து பெறப்படும் முடிவு. குழந்தையைத் தனியே திருத்தலாம் என்பதற்கு இது ஆதரவாகாது. சாம்பாரும் காய்கறியும் சேர்ந்த தமிழகத்தின் காலை உணவுத் திட்டம் இந்தத் திசையில் உறுதியான ஓர் அடி. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இல் வந்த மத்திய விதி, எந்தப் பள்ளித் தெருவிலும் கண்ணுக்குத் தெரியும்படி நடைமுறைக்கு வரவேண்டும்.

பரம்பரைதான் காரணம், என்ன செய்ய முடியும் என்ற மறுப்பும் என் வாதத்துக்கே துணை செய்கிறது. பரம்பரை ஆபத்து எந்த வீட்டில் உள்ளது என்பது தமிழகத்தில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. கருவுற்ற தாய்மாருக்கு நீரிழிவுப் பரிசோதனை இங்கு நெடுநாளாக வழக்கத்தில் உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. தாத்தாவுக்கு மாத்திரை தரும் பணியாளர் அதே வீட்டில் பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் உண்டா, தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்ததா, இன்சுலினின் வேலைத்திறன் குறைந்ததைக் காட்டும் கருமை பிள்ளையின் கழுத்தில் படிந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையானவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். வகுப்பறையில் எடை பார்த்துப் பெயர் சொல்லி அழைக்கும் அவமானம் இதில் இல்லை. வீட்டுக்கு ஒரே அட்டை, அதில் மூன்று தலைமுறையின் அளவுகள் என்ற பதிவுமுறையை ஓரிரு வட்டாரங்களில் சில ஆண்டுகள் நடத்தி, விளைவுகளை அளந்து பார்ப்பதற்குப் புதிதாகப் பெரிய கட்டமைப்பு எதுவும் தேவைப்படாது.