டிக்கெட் முதல் சந்தா வரை



ஓடிடி சந்தா கட்டலாமா, வீண் செலவா என்று பலரும் கேட்கிறீர்கள். வாத்தியாரிடம் கேட்டால் வரலாற்றில் இருந்துதான் பதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் சேலம் படம் எடுத்த ஊர். டி.ஆர்.சுந்தரம் 1930களில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் அவர்கள் தயாரித்தவை. அந்தக் காலத்துக் கணக்கு எளிது. கொட்டகைக்குப் போனால் டிக்கெட். போகாவிட்டால் காலணா செலவில்லை.

வானொலியும் டிவியும் இந்தக் கணக்கை மாற்றின. பெட்டி வைத்திருப்பதற்கே ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டினோம். 1980களின் நடுவில் அரசு அதை நீக்கியது. பிறகு கேபிள் வந்தது. 2006 தேர்தலுக்குப் பின் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி இலவசம்தான். ஆனால் கேபிளுக்கு மாதாமாதம் பணம். 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தபோது மக்கள் ஏன் மகிழ்ந்தார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

ஓடிடி இதன் அடுத்த படி. இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். 2016இல் அமேசான் பிரைம் ஆண்டுக்கு 499 ரூபாய். பழகிய பிறகு 999 ஆனது. 2021 டிசம்பரில் 1,499. அதே மாதம் நெட்ஃபிளிக்ஸ் தன் 499 ரூபாய் மாதத் திட்டத்தை 199 ஆகக் குறைத்தது. நாம் விடாமல் கட்டினால் விலை ஏறும். வேண்டாம் என்று நின்றால் இறங்கவும் செய்யும்.

சந்தாவே கூடாது என்று சொல்லவில்லை. 2020 தீபாவளிக்கு 'சூரரைப் போற்று' ஓடிடியில்தான் வந்தது. முழங்கால் வலியோடு தியேட்டர் படி ஏற முடியாதவர்களும் வீட்டிலிருந்தே பார்த்தார்கள். நான்கு பேர் தியேட்டருக்குப் போகும் செலவில் இரண்டு மாதச் சந்தாவே கட்டலாம்.

ஆனால் டிக்கெட் கணக்கை மறக்காதீர்கள். 199 ரூபாய்க்கு மாதம் நான்கு படம் பார்த்தால் படத்துக்கு 50 ரூபாய். ஒன்றும் பார்க்காத மாதம் 199உம் நட்டம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தபோது போட்ட சந்தா, அவர்கள் ஊருக்குப் போன பிறகும் தாத்தாவின் ஓய்வூதியத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் பல.

எனவே ஆண்டுச் சந்தா அவசரப்பட்டு வேண்டாம். ஒரு மாதம் கட்டுங்கள், பாருங்கள், நிறுத்துங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல், தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அதைப் படிக்காமல் அழிக்காதீர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை வரும்போது, அப்பா அம்மா போனில் எந்தெந்தச் சந்தா ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.