அமெரிக்கக் கட்டடப் பணியில் லத்தீன் குடியேறிகளின் விபத்துகள்

மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எக்வடார் முதலிய நாடுகளிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வந்து கட்டட வேலை செய்வோர் பணியிடத்தில் அடையும் காயமும் சாவும் இத்தலைப்பில் அடங்கும். 2022இல் அந்நாட்டில் வேலையின்போது இறந்த லத்தீன் வம்சாவளியினர் 1,248 பேர். அவர்களில் 792 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அந்த 792இல் 316 பேர் கட்டடத் துறையினர். உயிரைப் பறிக்காத காயங்களில் பெரும்பகுதி ஏட்டில் ஏறுவதே இல்லை.

வரலாறு: 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டம் மெக்சிகோ ஆண்களை வயல்களுக்கும், போர்க்காலத்தில் ரயில் பாதைகளுக்கும் கொண்டுவந்தது. 1980களில் தெற்குக் கலிபோர்னியாவின் வீடு கட்டும் தொழிலில் தொழிற்சங்கங்கள் நொறுங்கின. சுவர்ப் பலகை பொருத்தும் வேலை பரப்பளவுக் கூலிக்கு மெக்சிகோ தொழிலாளரிடம் வந்தது. சங்கம் வாங்கித் தந்திருந்த மருத்துவக் காப்பீடு போயிற்று. 1986இன் குடியேற்றச் சட்டம் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ வசிப்புரிமை தந்தது. கூடவே, ஆவணமற்றவரை அறிந்தே வேலைக்கு வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அதனால் பெரிய நிறுவனங்கள் துணை ஒப்பந்தத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்டன. வேலை ஒப்பந்ததாரர் கைக்கும், பிறகு மேஸ்திரி கைக்கும் இறங்கியது. தொழிலாளியின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாமல் போனது. 1992இல் தெற்குக் கலிபோர்னியாவில் பலகை பொருத்துவோர் பல மாதம் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் காப்பீடும் பெற்றனர். எல் மகேய் என்ற மெக்சிகோ சிற்றூரைச் சேர்ந்தவர்கள் அதில் முன்னின்றது குறிப்பிடத்தக்கது.

காரணங்கள்: ஆங்கிலம் தெரியாததே விபத்துக்குக் காரணம் என்பர். ஆனால் கூலி முறையும் முக்கியக் காரணம். கூரை வேய்பவர் உடலில் வாரை மாட்டி, கயிற்றைக் கூரை முகட்டுக் கொக்கியில் பிணைக்க வேண்டும். பக்கம் மாறும்போது கயிற்றையும் மாற்ற வேண்டும். பரப்பளவுக் கூலிக்காரருக்கு அந்த நேரத்துக்குக் காசில்லை. பள்ளம் தோண்டுவோரின் ஆபத்து வேறு. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் இருக்கும். நெஞ்சுவரை புதைந்தவரால் மூச்சை இழுக்க முடியாது. 5 அடி ஆழமானால் முட்டுக் கொடுத்தோ வேறு விதமாகவோ பக்கங்கள் சரியாமல் தடுக்க வேண்டும் என்பது விதி. 2015இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் முட்டில்லாத பள்ளம் சரிந்து 22 வயது எக்வடார் தொழிலாளி இறந்தார். குற்றம் நிரூபிக்கப்பட்ட நிறுவனத்துக்கு விதிக்க முடிந்த அபராதம் வெறும் 10,000 டாலர். நியூயார்க் மாநிலம் அந்த வரம்பை உயர்த்தியது 2022இல்தான்.

சட்டம்: சங்கம் அமைத்ததற்காக நீக்கப்பட்ட ஆவணமற்ற தொழிலாளிக்கு நிலுவைச் சம்பளம் இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் காயமடைந்தால் இழந்த கூலியை அவர் கோரலாம் என்று 2006இல் நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் சரியாகவே முடிவுசெய்தது. 1885இல் தொடங்கிய அம்மாநிலச் சாரச் சட்டம், உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கட்டட உரிமையாளரையே பொறுப்பாக்குகிறது. டெக்சாசில் தனியார் முதலாளிகள் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்காமலே இருக்கலாம்.

இன்றைய நிலை: 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலம் கப்பல் மோதி விழுந்தபோது, இரவில் சாலைக் குழி அடைத்துக்கொண்டிருந்த ஆறு லத்தீன் குடியேறிகள் இறந்தனர். வெயிலில் வேலை செய்வோருக்கு ஆஸ்டின், டாலஸ் நகரங்கள் கட்டாயமாக்கியிருந்த 10 நிமிட ஓய்வை நீக்கும் சட்டத்தை டெக்சாஸ் 2023இல் இயற்றியது.